அயல்நாட்டுக் கற்களும் நம் ஊர்க் கற்களும்



பண்டைப் பெருமை வாய்ந்த நாடுகளைக் காண மக்கள் கடல் கடந்து செல்கின்றனரே, அவர்கள் அங்கே எதனைக் காண்கின்றனர் என்பது பற்றிச் சிறிது நேரம் பேச விழைகிறேன். மத்தியதரைக் கடலின் வடகரையில் உள்ள கிரேக்க நாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டின் கதையை வகுப்பறையில் சொல்லிச் சொல்லிப் பழகியவன் நான். ஆனால், கிரேக்கம் என்ற சொல்லை நாவால் சொல்லும்போதெல்லாம் நம் விழுப்புரம் பகுதிக் குன்று ஒன்று என் கண்முன் வந்து நிற்கும். அது என்னைத் தலைகுனியவும் செய்யும். ஏன் என்பதைப் பின்னர்க் கூறுகிறேன். ஆதலின் அந்நாட்டையும் நம் நாட்டையும் சேர்த்தே பேசப்போகிறேன்.

கிரேக்கம் சிறிய நாடு. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடிதான். ஆயினும் 2023ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுக்குச் சென்ற வெளிநாட்டார் மூன்று கோடிக்கு மேற்பட்டவர். வீட்டில் உள்ளவர் மூவர், வந்த விருந்தினர் ஒன்பதின்மர் என்று வைத்துக்கொண்டால் அந்நிலை விளங்கும். கடலையும் இளவெயிலையும் நாடிச் செல்வோர் அவருள் பலர். ஆயினும் ஏதென்ஸ் நகரை அடைந்தவர் அக்ரோபொலிஸ் என்னும் குன்றின்மீது ஏறாமல் திரும்புதல் அரிது. அக்ரோபொலிஸ் என்பதற்கு உயர்ந்த இடத்து நகரம் என்பது பொருள். அதன் உச்சியில் பார்த்தினான் என்னும் கோயில் நிற்கிறது. அதீனா என்னும் பெண் தெய்வத்துக்கென்று கி.மு. 447இல் தொடங்கப்பெற்று, சிற்ப வேலைகள் கி.மு. 432இல் நிறைவுற்ற கோயில் அது. அங்கிருந்து ஒலிம்பியாவுக்குச் செல்வர். விளையாட்டு விழா கி.மு. 776இல் தொடங்கியதாகக் கூறப்படும் இடம் அஃது. எபிடாரஸ் என்னும் இடத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரத்தக்க பழைய நாடக அரங்கு ஒன்று உண்டு. மேடையில் பேசும் குரல் கடைசிப் படியில் இருப்பவர் காதுக்கும் எட்டுமாறு அதனைக் குன்றின் சரிவில் அமைத்துள்ளனர்.

இவற்றையெல்லாம் நான் நிலப்படத்தில் தொட்டுக் காட்டியும், கரும்பலகையில் தூண்களை வரைந்தும் பாடம் நடத்தினேன். மாணவர்கள் ஆர்வமுடன் கேட்டனர். தேர்விலும் நன்றாக எழுதினர். நானும் நல்லாசிரியன் என்றே என்னை எண்ணிக்கொண்டேன்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களுக்குக் கற்பித்த விதி ஒன்று உண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுக, அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்லுக என்பதே அவ்விதி. தேர்வில் அதனை விளக்கி எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால், பள்ளியில் அடியெடுத்து வைத்த நாள்முதல் அதனை மறந்தேன். என் மாணவர்க்கு ஏதென்ஸ் நகரத்துக் குன்று தெரியும். தம் ஊருக்கு மேற்கே நிற்கும் குன்று தெரியாது. எனக்கும் தெரியாது.

1990களின் நடுவில் ஒரு மார்கழி மாதத்துச் சனிக்கிழமையன்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் நாற்பது பேரைப் பழைய குகைக்கோயில் ஒன்று உள்ள குன்றுக்கு அழைத்துச் சென்றேன். எந்தக் குன்று என்பதை மட்டும் கூறேன். கட்டுச்சோறும் தண்ணீர்க் குடமும் கொண்டு சென்றோம். போகும்போதும் வரும்போதும் தலைகளை எண்ணிச் சரிபார்ப்பதே என் கவலையாக இருந்தது. குகையைக் காட்டி, “இது பல்லவர் காலத்தது, பார்த்துவிட்டு வாருங்கள்” என்று ஒரே வரியில் பாடத்தை முடித்துவிட்டு வேப்பமரத்து நிழலில் அமர்ந்தேன். திரும்பும் நேரத்தில் உள்ளே சென்று பார்த்தபோது, குகைச் சுவரில் புதிதாகக் கீறிய வெள்ளை எழுத்துகள் தெரிந்தன. என் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பெயரையும் வகுப்பையும் ஆணியால் அழுந்தக் கீறியிருந்தான்.

அவனை முன்னால் நிறுத்தினேன். என் கை ஓங்கியது. அவன் அழவில்லை, பொய்யும் சொல்லவில்லை. “ஐயா, சும்மா கிடக்கிற பாறை என்றுதான் நினைத்தேன். நீங்கள் சொன்ன ஏதென்ஸ் கோயிலாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன்” என்றான்.

ஓங்கிய கை தானே கீழே இறங்கியது. அவன் சொன்னதில் தவறு ஏதேனும் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். ஏதென்ஸ் கோயிலை மதிக்க அவனுக்கு நான் கற்பித்திருந்தேன், அவன் மதித்தான். இக்குகையை மதிக்கக் கற்பிக்கவில்லை, அவன் மதிக்கவில்லை. ஆணி அவன் கையில் இருந்தது. ஆனால் அதனைக் கீறச் செய்தது என் அறியாமை.

அடுத்த சனிக்கிழமை தொடங்கி, மிதிவண்டியிலும் பேருந்திலுமாக நம் பகுதியைச் சுற்றத் தொடங்கினேன். அக்காலத்தில் நான் கற்றவற்றுள் சிலவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். எது பெரிது, எது சிறிது என்று அளந்து காட்டுவது என் நோக்கமன்று. கிரேக்கத்தைக் காண்பவன் கண்ணில் உள்ள வியப்பு, மண்டகப்பட்டைக் காண்பவன் கண்ணிலும் தோன்ற வேண்டும் என்பதே என் விருப்பம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மண்டகப்பட்டு. அங்கே ஒரு பாறையைக் குடைந்து, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு கோயில் அமைத்தான். முகப்பில் தடித்த தூண்கள். இரு புறமும் வாயிற்காவலர் உருவங்கள். உள்ளே மூன்று கருவறைகள். அக்கருவறைகள் இன்று வெறுமையாக உள்ளன. தூண் ஒன்றில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் உரிய இக்கோயிலைச் செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி விசித்திரசித்தன் செய்வித்தான் என்பது அதன் கருத்து. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. புதுமையை நாடும் உள்ளத்தான் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

கல்வெட்டில் அரசர்கள் வழக்கமாகத் தாம் செய்ததைச் சொல்வார்கள். இவ்வரசனோ, தான் எவற்றைப் பயன்படுத்தவில்லை என்று சொல்கிறான். அவ்வாறு சொல்லியதனால், அதற்கு முன்னர் இந்நாட்டுக் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் கட்டப்பெற்றன என்பதை நாம் அறிகிறோம். அக்கோயில்கள் மழைக்கும் கரையானுக்கும் தீக்கும் இரையாயின. இக்குகையோ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. பல்லவர் குடைவித்த கோயில்களுள் இதுவே முதலாவது என்று அறிஞர் பலரும் கருதுகின்றனர்.

இனி, கிரேக்கரின் கோயிலை நினைவுகூருங்கள். அவர்களும் முதலில் மரத்தாலும் பச்சைச் செங்கல்லாலுமே கோயில் கட்டினர். பின்னர்க் கல்லுக்கு மாறினர். ஆயினும் பழக்கம் அவர்களை விடவில்லை. பார்த்தினானின் தூண்களுக்கு மேல், மூன்று வரிப்பள்ளம் கொண்ட கற்பலகைகள் இடைவிட்டு இடைவிட்டு அமைந்திருக்கும். அவை பழைய மர உத்திரங்களின் முனைகளைக் கல்லில் காட்டுவன என்பர். மரத்திலிருந்து கல்லுக்கு மாறிய அந்தப் பெருமாற்றம் அங்கும் நிகழ்ந்தது, இங்கும் நிகழ்ந்தது. வேறுபாடு யாதெனில், ஏதென்ஸ் நகரத்தார் அண்மையில் உள்ள மலையிலிருந்து சலவைக்கல்லை வெட்டிக் கொணர்ந்து அடுக்கினர். நம்மவர் கல்லை இருந்த இடத்திலேயே வைத்துக் குடைந்தனர். நம் குன்றுகளின் கருங்கல் சலவைக்கல்லினும் மிகக் கடினமானது. அடுக்கும் கட்டடத்தில் ஒரு கல் பழுதுபட்டால் வேறு கல் வைக்கலாம். குடையும் கோயிலில் உளி ஒரு முறை தவறினால் மாற்றுக் கல் இல்லை.

மண்டகப்பட்டுக்கு அண்மையிலேயே தளவானூர் உள்ளது. அங்கும் மகேந்திரன் குடைவித்த கோயில் ஒன்று உண்டு. சத்ருமல்லன் என்ற தன் பட்டப்பெயரால் அதற்குச் சத்ருமல்லேசுவரம் என்று பெயரிட்டான். முதற்கோயிலில் அணி அலங்காரம் மிகுதியாக இல்லை; இங்கோ நடுத்தூண்களுக்கு மேல் அழகிய மகர தோரணம் வளைந்து நிற்கிறது. ஒன்றைக் கண்ட அன்றே மற்றொன்றையும் காண்பவர், ஒரு கலை வளர்ந்த வகையைத் தம் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம்.

அதன்பின் பனைமலைக்குச் செல்லுங்கள். குடைவதோடு நில்லாமல், கல்லை அடுக்கிக் கோயில் எடுக்கும் நிலையைப் பல்லவர் அடைந்ததை அங்கே காணலாம். மகேந்திரனுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் ஆண்ட இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் அக்கோயிலைக் கட்டினான். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டுவித்தவனும் அவனே. பனைமலைக் கோயிலின் சிற்றாலயம் ஒன்றின் சுவரில் உமையம்மையின் ஓவியம் உள்ளது. தலையில் மணிமுடி, மேலே குடை. ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றி, சற்றே சாய்ந்து நின்று, எதிரே நிகழும் இறைவனின் ஆடலைக் காண்கிறாள் அம்மை. பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எஞ்சிய கோடுகளே அக்காலத்து ஓவியர் கைத்திறத்துக்குச் சான்று பகர்கின்றன. பார்த்தினான் முதலிய கிரேக்கக் கோயில்களும் ஒரு காலத்தில் சிவப்பும் நீலமுமாக வண்ணம் தீட்டப்பெற்றிருந்தவையே. இன்று நாம் காண்பது வெண்கல் மட்டுமே. வண்ணம் எவ்வளவு எளிதில் அழியும் என்பதை எண்ணினால், பனைமலையில் எஞ்சியுள்ள ஒரு சாண் வண்ணத்தின் அருமை விளங்கும்.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று என்னும் சிறு குன்று உள்ளது. அங்கே பெரும்பாறை ஒன்றில் சமணத் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்களை இரு வரிசையாகச் செதுக்கியுள்ளனர். அக்குன்றில் உள்ள கல்வெட்டுகளுள் ஒன்று, சந்திரநந்தி ஆசிரியர் என்பவர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த இடம் அது என்று தெரிவிக்கிறது. இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததை மற்றொன்று சொல்கிறது. அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி அக்கல் வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு பெயரும் ஓர் எண்ணுமே எஞ்சியுள்ளன. முதன்முறை அதனைப் படித்தபோது, என் மாணவன் ஆணியால் கீறிய பெயர் என் நினைவுக்கு வந்தது. கல்லில் பெயர் எழுதுதல் பழைய வழக்கம்தான். ஆனால், எதற்காக ஒருவர் பெயர் கல்லில் ஏறத் தகும் என்பதை அக்குன்று எனக்குக் கற்பித்தது.

செஞ்சிக் கோட்டையை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து அமைத்த அரண் அது. கிரேக்கர் மொழியில் கூறினால் அதுவும் ஓர் அக்ரோபொலிஸ் அன்றோ? இராசகிரி ஏறத்தாழ 240 மீட்டர் உயரம் உடையது. 1677இல் சிவாஜி அக்கோட்டையைக் கைப்பற்றினார். அவர் மகன் இராசாராம் அங்கே தங்கியிருந்தபோது மொகலாயப் படை அதனைப் பல ஆண்டுகள் முற்றுகையிட்டு, 1698இல்தான் கைப்பற்ற முடிந்தது. 1714இல் தேசிங்குராசன் அங்கே போரிட்டு மடிந்தான். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் அதனைப் பிடித்தனர். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராத்தியரின் படைத்துறை அரண்கள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அப்பன்னிரண்டனுள் பதினொன்று மகாராட்டிர மாநிலத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி.

கோட்டைக்குள் உள்ள வேங்கடரமணர் கோயிலைக் காணும்போது, அங்கே இல்லாதவற்றையும் நினைவில் கொள்ளுங்கள். செஞ்சியிலிருந்து வேலைப்பாடு மிக்க உயர்ந்த கற்றூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்கள் அவையே. கிரேக்கருக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பார்த்தினான் கோயிலைத் துருக்கியர் வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தபோது, 1687இல் வெனிசு நாட்டுப் படையின் குண்டு விழுந்து அது வெடித்துச் சிதறியது. எஞ்சிய சிற்பங்களுள் பெரும்பகுதியை எல்ஜின் பிரபு என்ற ஆங்கிலேயத் தூதர் 1801 முதல் பெயர்த்து எடுத்துச் சென்றார். 1816இல் பிரிட்டிஷ் அரசு அவற்றை விலைக்கு வாங்கியது. அவை இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

கிரேக்கர் என்ன செய்தனர் தெரியுமா? 2009இல் அக்ரோபொலிஸ் அடிவாரத்தில் புதிய அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தனர். பார்த்தினானின் சிற்ப வரிசையை அது கோயிலில் இருந்த முறைப்படியே அங்கே அமைத்தனர். தம்மிடம் உள்ள மூலச் சிற்பங்களை அவற்றுக்குரிய இடத்தில் வைத்தனர். இலண்டனில் உள்ளவற்றின் இடத்தில் வெள்ளைச் சுதையால் செய்த படிகளை வைத்தனர். பழுப்பேறிய மூலமும் வெளிறிய படியும் அடுத்தடுத்து நிற்கும்போது, இழந்தது எவ்வளவு என்பதைச் சிறு குழந்தையும் கண்டுகொள்ளும். இழப்பையும் பாடமாக்கும் அத்திறத்தை நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

கல்விக்கு வருவோம். ஏதென்ஸ் நகருக்கு வெளியே பிளேட்டோ தம் கல்விக்கழகத்தை ஏறத்தாழ கி.மு. 387இல் நிறுவினார். அவ்விடத்தைக் காண இன்றும் மாணவர் செல்கின்றனர். நம் மாவட்டத்திலோ எண்ணாயிரம் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலின் சுவரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஒரு பெரிய கல்லூரியின் வரவுசெலவுத் திட்டத்தையே எழுதி வைத்திருக்கிறது. இளநிலை மாணவர் 270 பேர். மேல்நிலை மாணவர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். எவருக்கு என்ன பாடம், நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்பதெல்லாம் கணக்காகக் குறிக்கப்பட்டுள்ளன. வேதமும் இலக்கணமும் பயின்ற அக்கல்லூரி அன்று சமுதாயத்தின் ஒரு சாரார்க்கே உரியதாக இருந்தது. ஏதென்ஸ் நகரக் கல்வியும் அடிமைகளுக்கு எட்டாததாகவே இருந்தது. இக்குறையை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுதல் வரலாறு ஆகாது. அதே வேளையில், மாணவனுக்குச் சோறிட்டால்தான் கல்வி நிற்கும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கல்லில் கணக்கிட்டு வைத்தார் என்பதையும் மறத்தல் கூடாது. மதிய உணவுப் பதிவேட்டைப் பல ஆண்டுகள் எழுதிய தலைமையாசிரியன் என்ற முறையில், அக்கல்வெட்டின்முன் நான் கைகூப்பி நின்றேன்.

மனிதர் தோன்றுவதற்கு முன்னைய காலத்தையும் நம் மாவட்டத்தில் காணலாம். திருவக்கரையில் கல்மரப் பூங்கா ஒன்று உள்ளது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பெருவெள்ளத்தால் அடித்துவரப்பெற்ற மரங்கள் மணலில் புதைந்தன. காற்று எட்டாமையால் அவை எளிதில் மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைகளுள் புகுந்து, சிறிது சிறிதாக மரம் இருந்த இடத்தைத் தான் பிடித்துக்கொண்டது. அதனால் கணுவும் வளையமும் அப்படியே இருக்க, பொருள் மட்டும் கல்லாயிற்று. வேரும் கிளையும் இன்றி அடிமரங்களாகவே அவை கிடப்பது, வேறிடத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று. கிரேக்க நாட்டு லெஸ்பாஸ் தீவிலும் இத்தகைய கல்மரக் காடு ஒன்று உண்டு. அங்கே எரிமலைச் சாம்பல் மூடியதால், பல மரங்கள் வேரோடு நின்ற நிலையிலேயே கல்லாயின. ஓரிடத்தில் வெள்ளம், மற்றோரிடத்தில் எரிமலை. காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே. அத்தீவின் கல்மரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நிறுவி உலக மக்களை அழைக்கின்றனர். நம் கல்மரத்தின் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவதைத் திறமை என்று எண்ணும் மாணவரை நான் கண்டிருக்கிறேன்.

கிரேக்கருக்கும் நமக்கும் உள்ள தொடர்பு என் கற்பனையால் விளைந்ததன்று. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல், நம் கீழைக் கடற்கரைத் துறைகளாகக் கமரா, பொதுகா, சோபட்மா என்னும் மூன்றைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் பொதுகா என்பது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கொள்வர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும் மரக்காணமே என்பர். அந்நூலின் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுக்குரிய கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியே. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் சாடிவகை அவற்றுள் மிகுதி என்று பிற்கால ஆய்வு காட்டியது. திண்டிவனத்து மாணவர்களே, நீங்கள் கிரேக்கத்தைக் காண விரும்புவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்க வணிகர் உங்கள் கடற்கரையை அறிந்திருந்தனர்.

இனி, பெயர் கீறிய கதைக்குத் திரும்புகிறேன். ஏதென்ஸுக்குத் தெற்கே சூனியான் என்னும் கடல்முனையில் பொசைடன் கோயில் உள்ளது. அதன் தூணில் பைரன் என்ற பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1810இல் அங்கே சென்றபோது வெட்டியது என்று வழங்குகின்றனர். அவரோ கிரேக்க நாட்டை உயிரெனக் கருதியவர். எல்ஜின் பிரபு சிற்பங்களைப் பெயர்த்ததைத் தம் கவிதைகளில் கடிந்தவர். கிரேக்கரின் விடுதலைப் போருக்குத் துணைபுரியச் சென்று, 1824இல் அம்மண்ணிலேயே உயிர்நீத்தவர். அத்தகையவர் கையாலேயே அப்பெயர் வெட்டப்பட்டதாயின், பழைய கல்லின்முன் தன் பெயரை எழுத விழையும் ஆசை எவ்வளவு வலியது என்பதை உணரலாம். ஆயினும் பெருங்கவிஞர் செய்தாலும் பிழை பிழையே. நம் நாட்டுச் சட்டமும் இதில் கடுமையானது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போர்க்கு, 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றன.

ஆனால், சட்டத்துக்கு அஞ்சிக் காப்பது ஒரு வகைக் காவல். அறிந்து காப்பது மற்றொரு வகைக் காவல். எல்லாக் குன்றிலும் காவலர் நிற்க இயலாது. அறிந்த மாணவன் நிற்க இயலும். ஆகவே உங்களுக்கு மூன்று செயல்களைச் சொல்கிறேன். ஓரிடத்துக்குப் போகுமுன், அதனைப் பற்றி ஒரு பக்கமேனும் படித்துச் செல்லுங்கள். அங்கே சென்றதும் பத்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். படம் பிடிப்பதை அதற்குப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்தபின், கண்டதை உங்கள் தம்பி தங்கையர்க்கு உங்கள் சொற்களால் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் கண்டீர்கள் என்பது பொருள். சொல்ல முடியாவிட்டால் மீண்டும் ஒருமுறை செல்லுங்கள். பேருந்துக் கட்டணம் மிகுதி அன்று.

இவ்வாறு பழகியவர், பின்னாளில் உண்மையாகவே கிரேக்கம் செல்லும் வாய்ப்புப் பெற்றால், அங்கே பிறர் காணாததையும் காண்பர். பார்த்தினானைக் கண்டதும் மண்டகப்பட்டை நினைப்பர். கல்லாய்ப்போன மரத்தைக் கண்டதும் திருவக்கரையை நினைப்பர். ஒப்பிட்டுப் பார்க்கத் தன்னிடம் ஒன்று வைத்திருப்பவனுக்கே அயல்நாடு பாடம் சொல்லும்.

சென்ற ஆண்டு செஞ்சிக் கடைத்தெருவில் ஒருவர் என்னைக் கண்டு கைகூப்பினார். அன்று பெயர் கீறிய மாணவரே அவர். இப்பொழுது நிலம் வைத்துப் பயிரிடுகிறார். நலம் உசாவியபின் அந்தக் குன்றைப் பற்றிக் கேட்டேன். அவர் தலை தாழ்ந்தது. “எங்கள் ஊரிலிருந்து நான்கு கல் தொலைவுதான், ஐயா. மகள் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான்தான் தள்ளிப் போடுகிறேன். அவளுக்கு இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்” என்றார்.

நான் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “அழைத்துச் செல்லப்பா. அந்தப் பெயரையும் மறைக்காமல் காட்டு. நானும் உடன் வருகிறேன்; அதில் பாதிப் பிழை என்னுடையது” என்றேன்.

அடுத்த ஞாயிறன்று மூவரும் சென்றோம். அச்சிறுமி முதலில் தூண்களைப் பார்த்தாள்; பின்பு சுவரைப் பார்த்தாள்; தந்தையின் பெயரைப் படித்தாள். அவர் நடந்ததை நடந்தபடியே அவளிடம் சொன்னார். அதன்பின், அக்குகையை யார் குடைந்தார், எதற்காகக் குடைந்தார் என்று அவள் கேட்டாள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் சொல்லாமல் கடனாக வைத்திருந்த பாடத்தை, அன்று அவ்விருவருக்கும் முழுமையாகச் சொன்னேன்.